மங்குஸ்தானில் ஆண் மரம் கிடையாது

2023 ஜூலை 9

ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தென்னந்தோப்புக்குள் ஒரு மங்குஸ்தான் நிற்கிறது. வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. ஒரு பூ கூட வரவில்லை. தோப்பைப் பார்த்துக்கொள்பவர், இது ஆண் மரம், எத்தனை வருடம் போனாலும் காய்க்காது, வெட்டிவிட்டு வேறு வைப்போம் என்கிறார். வெட்டிவிடலாமா?"

வெட்டாதீர்கள். மங்குஸ்தானில் ஆண் மரம் என்று ஒன்று உறுதியாக யாருக்கும் அகப்பட்டதே இல்லை. நாம் பார்க்கிற எல்லா மரமும் பெண் மரம்தான். பூவில் மகரந்தத் தாள்கள் பேருக்கு இருக்கும், ஆனால் அதில் உயிருள்ள மகரந்தம் கிடையாது. அது இல்லாமலே காய் பிடிக்கும். ஆகவே உங்கள் மரம் பூக்காததற்கு வேறு எந்தக் காரணம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆண் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஒரு வார்த்தையை நம்பி குமரி மாவட்டத்தில் வெட்டப்பட்ட மரங்களை நானே பார்த்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் வளர்த்து, பூக்கப்போகிற சமயத்தில் கோடாலி வைப்பது எவ்வளவு பெரிய நட்டம்!

2023 ஜூலை 9, இரவு

தோப்புக்காரர் மேல் கோபப்படவேண்டாம். அவர் இல்லாததைச் சொல்லவில்லை, இடம் மாற்றிச் சொல்கிறார். ஜாதிக்காயில் ஆண் மரம் உண்டு. விதையிலிருந்து வந்த ஜாதிக்கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் போகும், ஆறேழு வருடம் கழித்துப் பூத்த பிறகுதான் தெரியும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும் என்று மற்றதை வெட்டுவார்கள். என் மயினி (அண்ணி) வீட்டுப் புரையிடத்தில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், அப்படி வெட்டிய ஜாதிமரத்தின் குற்றி இன்னும் இருக்கிறது.

குடம்புளியிலும் ஆண் உண்டு. அது மங்குஸ்தானுக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் கார்சீனியா இனம். மீன்குழம்புக்குப் புளி கிடைக்கும் என்று பத்து வருடம் வளர்த்து, கடைசியில் ஆணாகப்போய் ஏமாந்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய. பனையைச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஆண் பனை பதநீராவது தரும். இத்தனையும் கண்ணால் கண்ட ஒருவர், பூக்காத மங்குஸ்தானைப் பார்த்து ஆண் என்று சொல்வது இயல்புதான்.

2023 ஜூலை 11

"ஆண் மரமே இல்லையென்றால் விதை எப்படி உண்டாகிறது?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நல்ல கேள்வி.

மங்குஸ்தான் சுளைக்குள் இருக்கும் விதை, மகரந்தம் சேர்ந்து உண்டாகும் விதை அல்ல. தாயின் திசுவிலிருந்தே கரு முளைத்துவிடுகிறது. அதனால் விதையிலிருந்து வரும் கன்று, தாய் மரத்தின் நேர் நகல். மாங்கொட்டை போட்டால் என்ன மாங்காய் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மங்குஸ்தானில் அந்தப் பயம் இல்லை. குற்றாலத்தில் வாங்கித் தின்ற பழம் இனித்ததென்றால், அதன் விதையில் வந்த மரமும் அதே பழத்தைத்தான் தரும். மண்ணும் மழையும் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதான்.

காத்திருக்கிறவர்களுக்கு இது பெரிய தைரியம். இவ்வளவு வருடம் காத்திருந்து புளிப்புப் பழம் வந்துவிடுமோ என்று தவிக்க வேண்டியதில்லை.

2023 ஜூலை 16

என் மரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். குலசேகரம் பக்கம், வீட்டுக்குப் பின்னால் வடகிழக்கு மூலையில் நிற்கிறது. அப்பா குற்றாலத்தில் சீசன் சமயம் வாங்கிவந்த பழத்தின் விதை. டப்பாவில் முளைக்கவைத்து, 2008-இல் மண்ணில் வைத்தோம். இதுவரை பூக்கவில்லை.

அதன் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம், ஒக்கிக்கு முன், ஒக்கிக்குப் பின். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைக் கடந்தபோது ரப்பரும் தென்னையும் வாழையும் எப்படி விழுந்தன என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் புரையிடத்தில் ஒரு பெரிய அயினி மரம் விழுந்தது. அதன் நிழலில்தான் மங்குஸ்தான் நின்றது. மங்குஸ்தான் கன்றுக்கு முதல் சில வருடம் நிழல் வேண்டும், நேர் வெயிலில் இலை கருகிவிடும். அதனால் அயினிக்கு அடியில் வைத்தது சரிதான். ஆனால் வளர்ந்த மரத்துக்கு நல்ல வெயில் வேண்டும். அயினி நின்றவரை மங்குஸ்தான் உயிரோடு இருந்தது, பெரிதாக வளரவில்லை. வருடத்துக்கு ஒரு தளிர் விட்டால் அதிகம். அயினி போன பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தளிர்க்கிறது. இளஞ்சிவப்பாக அந்தக் கொழுந்து வரும்போது பார்க்கவேண்டும்!

அப்பாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த அயினியை நினைத்து அவருக்கு இன்றும் வருத்தம். எனக்கும்தான். அயினிப்பழம் தின்று வளர்ந்த வீடு எங்களுடையது. ஆனால் அது விழுந்ததால்தான் இது எழுந்தது என்பதையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2023 ஜூலை 17

கோடாலியால் அடிமரத்தில் நாலு வெட்டுப் போட்டால் பயந்து பூக்கும் என்று ஒருவர். ஆணி அடிக்கச் சொல்லி இன்னொருவர். மங்குஸ்தானில் செய்யாதீர்கள். பட்டை கீறினால் மஞ்சள் பால் வடியும், காயம் ஆற மாதக்கணக்கில் ஆகும். செருப்பும் விளக்குமாறும் கட்டித் தொங்கவிடுவதில் மரத்துக்குக் கெடுதல் இல்லை, அது உங்கள் விருப்பம்.

2023 ஆகஸ்ட் 2

ஆனைமலை நண்பர் படங்கள் அனுப்பினார். பார்த்ததும் புரிந்தது. நான்கு தென்னைக்கு நடுவே, உச்சி வெயில் மட்டும் கொஞ்சம் விழுகிற இடத்தில் மரம் நிற்கிறது. பதினான்கு வயது மரம் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கூட இல்லை. இலை நல்ல பச்சை. நோய் எதுவும் தெரியவில்லை.

அவருக்குச் சொன்னது இதுதான். மரத்துக்கு நாம் பிறந்தநாள் கணக்கு வைக்கிறோம், மரம் தன் வளர்ச்சியைத்தான் கணக்கில் எடுக்கிறது. மங்குஸ்தான் பூக்க எட்டு வருடம் என்பார்கள், பத்து என்பார்கள், பதினைந்து என்பார்கள். மூன்றும் உண்மைதான். நல்ல ஈரம், ஆழமான மண், தேவையான வெயில் கிடைத்த மரம் எட்டில் எட்டுவதை, நிழலில் வாடிய மரம் பதினாறில் எட்டும். எத்தனை தடவை தளிர்த்தது, எத்தனை பக்கக் கிளை விட்டது, அதைப் பாருங்கள்.

இன்னொன்று, அவர் மரத்தைச் சுற்றி வருடாவருடம் மண்வெட்டியால் கொத்தி வட்டப்பாத்தி எடுக்கிறார். தென்னைக்கு அது சரி. மங்குஸ்தானின் வேர் மிகவும் மெத்தனமானது, மற்ற மரங்களுக்கு இருப்பதுபோல் வேர்த்தூவிகள் அதற்குக் கிடையாது. கொத்தும் ஒவ்வொரு தடவையும் இருக்கிற கொஞ்சம் வேரும் அறுந்துபோகும். கொத்துவதை நிறுத்திவிட்டுக் காய்ந்த தென்னை ஓலையும் சருகும் மூடாக்காகப் போடச் சொன்னேன். மரத்தூரை ஒட்டாமல், ஒரு சாண் தள்ளிப் போடவேண்டும். தொழு உரத்தை மூடாக்குக்கு மேலேயே தூவினால் போதும், மழை இறக்கிக்கொள்ளும்.

தென்னை ஒன்றை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாராம். காய்ப்பு ஓய்ந்த கிழத்தென்னையாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

2023 செப்டம்பர் 10

சும்மா ஒரு செய்தி. இங்கிலாந்தில் விக்டோரியா அரசி, நல்ல மங்குஸ்தான் பழம் கொண்டுவந்து கொடுப்பவருக்குப் பெரும் பரிசு என்று அறிவித்ததாக ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் 1855-இல் லண்டன் பக்கத்தில் சையான் மாளிகையின் கண்ணாடி வீட்டுக்குள் ஒரு மங்குஸ்தான் மரம் பழுத்தது உண்மை. வெந்நீர்க் குழாய் வைத்து, வருடம் முழுக்கச் சூடு கொடுத்து வளர்த்திருப்பார்கள். அந்தத் தோட்டக்காரரை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. நமக்காவது மழையும் வெயிலும் சும்மா கிடைக்கிறது.

2023 அக்டோபர் 1

"இத்தனை பாடு எதற்கு, ஒட்டுக்கன்று வைத்தால் சீக்கிரம் பூக்குமே?" ஆமாம், பூக்கும். ஏன் பூக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் விதைமரம் ஏன் பூப்பதில்லை என்பதும் புரியும்.

விதையில் வந்த செடிக்கு ஒரு சிறுபிராயம் உண்டு. அந்தப் பருவத்தில் எந்த மருந்தும் எந்த மிரட்டலும் அதைப் பூக்கவைக்காது. செடிக்குள் மைஆர்-156 என்றொரு நுண்பொருள் சிறுவயதில் நிறைய இருந்து, வளர வளரக் குறைகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அது போதுமான அளவு குறைந்த பிறகுதான் பூப்பதற்கான வழி திறக்கும். ஒட்டுக்கட்டும்போது, ஏற்கெனவே பூத்துக் காய்த்த மரத்தின் நுனியை எடுத்து வைக்கிறோம். அந்த நுனி முதிர்ந்தது, புது வேரில் உட்கார்ந்தாலும் தன் வயதை மறப்பதில்லை.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் ஒட்டு வைப்பதில்லை? மங்குஸ்தானில் ஒட்டுமரம் மெதுவாகவும் குட்டையாகவும் வளர்கிறது, மொத்த விளைச்சலும் குறைவு. விதையிலேயே தாயின் நகல் கிடைக்கும்போது ஒட்டின் பெரிய லாபமான குணம் மாறாமை இங்கே தேவையும் இல்லை. சாலக்குடி பக்கம் பரியாரத்தில் இருக்கிற பெரிய மரங்கள் விதைமரங்கள்தான். தொட்டியில் வளர்க்க வேண்டும், இடம் இல்லை, சீக்கிரம் நாலு பழம் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஒட்டு நல்லது. பேரன் பேத்தியும் தின்ன வேண்டும் என்றால் விதைதான் என்பது என் முடிவு.

பூக்கவைப்பதற்காக மாமரத்துக்கு ஊற்றுகிற பாக்லோபியூட்ரசால் மருந்தை இதற்கும் ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: சிறுபிராயம் தாண்டாத மரத்தில் ஊற்றினால் வளர்ச்சி குறுகும். வளர்ச்சிதானே நமக்கு வேண்டியது? வேண்டாம்.

2023 அக்டோபர் 3

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். விதைமரத்தில் முதல் பூ பெரும்பாலும் மேல் பகுதியில்தான் வரும். ஏனென்றால் அடிப்பகுதிதான் இளமையாகவே இருக்கும், உச்சிக்குப் போகப் போக முதிர்ச்சி அதிகம். அடியிலிருந்து வரும் தளிரைப் பார்த்துப் பூ இல்லை என்று முடிவுக்கு வராதீர்கள். உயரம் அதிகமாகிவிட்டது என்று உச்சியை வெட்டுவது, பூக்கப்போகிற பகுதியையே வெட்டுவது. முதல் பூ வரும்வரை கவாத்து என்ற பேச்சே வேண்டாம். காய்ந்த குச்சியை மட்டும் எடுக்கலாம்.

2023 டிசம்பர் 21

17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. நம் ஊரிலும் தாழ்ந்த இடமெல்லாம் தண்ணீர். மரத்தைப் பற்றிப் பேச மனம் இல்லை. ஆத்தூர், ஏரல் பக்கத்து வாசகர்கள் நலமாக இருக்கிறீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள்.

2024 ஜனவரி 21

எழுதிய எல்லோருக்கும் நன்றி. வாழை போனவர்கள் மூன்று பேர். வீடு தப்பியது.

இங்கே பொங்கலுக்குப் பிறகு நல்ல வெயில். மங்குஸ்தானுக்கு இதுதான் முக்கியமான சமயம். முதிர்ந்த மரம், கடைசியாக விட்ட தளிர் நன்றாகத் தடித்துக் கரும்பச்சையான பிறகு, இரண்டு முதல் நான்கு வாரம் வறட்சியைக் காணவேண்டும். அப்புறம் தண்ணீர் கிடைத்தால் பூமொட்டு வரும். வருடம் முழுக்க ஈரமாகவே இருந்தால் தளிராகவே போட்டுக்கொண்டிருக்கும். மலேசியாவில் பேராக்கிலிருந்து ஒரு தமிழர் எழுதுகிறார், அங்கே வறட்சிக்குப் பிறகு டுரியானும் மங்குஸ்தானும் சேர்ந்தே பூக்குமாம், வருடத்தில் இரண்டு சீசன் வருமாம். வறட்சி சரியாக வராத வருடம் பழம் குறைவு என்கிறார். அவர்கள் வீட்டு மரம் தாத்தா காலத்தியது. கொடுத்துவைத்தவர்.

தண்ணீரை நிறுத்து என்று நான் சொல்வது முதிர்ந்த மரத்துக்கு மட்டும். மூன்று வயதுக் கன்றுக்குத் தண்ணீரை நிறுத்தியிருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். உடனே ஊற்றுங்கள்! கன்று ஒரு நாள் கூட வாடக்கூடாது. அதன் வேர் தாங்காது. பெரிய மரத்திலும் இலை தொங்கும்வரை விடக்கூடாது. மூடாக்கைத் தள்ளி ஒரு விரல் ஆழத்துக்கு மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்து, அடியில் லேசான ஈரம் இருந்தால் அதுவே போதும்.

2024 பிப்ரவரி 18

நேற்று தண்ணீர் விட்டேன். நன்றாக நனையும்படி. பக்கத்தில் நின்று அப்பா சொன்னார்: "மக்ளே, இது நிக்க எடத்துல ஒரு வரிக்கச்சக்கை நின்னிருந்தா இந்நேரம் ஊருக்கே குடுத்திருக்கலாம் கேட்டியா." (சக்கை என்றால் பலா.) விதை கொண்டுவந்தவரே அவர்தான்!

2024 மார்ச் 3

நுனிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பார்க்கத் தெரியாதவர்களுக்காக: மங்குஸ்தானில் கிளைநுனியில் கடைசி இரண்டு இலைகளின் காம்பு சேரும் இடத்தில் ஒரு சிறு குழி இருக்கும். மொட்டு அதற்குள்தான் ஒளிந்திருக்கும். தளிர் வருவதாக இருந்தால் குழியிலிருந்து கூரான, தட்டையான, சேர்ந்த இரண்டு இலைநுனி எட்டிப்பார்க்கும். பூவாக இருந்தால் உருண்டையாக வரும், பச்சைப்பட்டாணி போல. முதல் ஒன்றிரண்டு நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. குழி கொஞ்சம் உப்பியதும் பூ என்று கொண்டாடவேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள்.

என் மரத்தில் மேல்பக்கம் சில நுனிகள் உப்பியிருக்கின்றன.

2024 மார்ச் 10

உருண்டை! உருண்டை! தென்பக்கம் மேல்கிளைகளில், வெயில் நன்றாக விழுகிற இடத்தில். ஏணி வைத்து ஏறி, கண்ணுக்கு நேராகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2024 மார்ச் 11

ஆமாம், நிச்சயம் பூமொட்டுதான். நான்கு தடித்த புல்லிகள் சிப்பிபோல் மூடியிருக்கின்றன. படத்தில் மங்கலாகத் தெரிவது அதுதான். கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே பதில்.

2024 மார்ச் 31

பூ விரிந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிது, உள்ளங்கைக் குழியில் நிறைகிறது. நான்கு இதழ், தடித்துச் சதைப்பற்றாக, பச்சைமஞ்சளில் ஓரம் சிவந்து. நடுவில் பிஞ்சு ஏற்கெனவே உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. மல்லிகை, முல்லை மாதிரி வாசனையும் மென்மையும் எதிர்பார்ப்பவர்களுக்கு இது பூவாகவே தோன்றாது. தோலில் செதுக்கியதுபோல் கெட்டியான பூ. இதழ் சீக்கிரம் உதிர்ந்துவிடுகிறது, புல்லி மட்டும் காயோடு கடைசிவரை நிற்கும். கடையில் பழத்தின் தலையில் பச்சைத் தொப்பியாக நாம் பார்ப்பது அதைத்தான்.

மயினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அப்போ நாங்க வெட்டுனதும் ஒருவேளை..." என்று தொடங்கினாள். இல்லை மயினி, உங்களுடையது ஜாதிமரம், பூத்து ஆணென்று தெரிந்த பிறகு வெட்டினது, அதில் தவறில்லை என்று சொல்லி அனுப்பினேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார். ஏற வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். ஒரு பூவைப் பறித்துக் கையில் கொடுத்தேன். ஒரு காய் போனால் போகட்டும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு நாளு" என்றார். பிறகு மாலைவரை சட்டைப்பையில் வைத்திருந்தார்.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். பிஞ்சில் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. முதல் வருட மரத்தில் இது நடக்கும். மரம் தன்னால் தாங்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொள்கிறது. இந்த வருடக் கோடை மிகக் கடுமை, அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடுகிறேன். பூ வரும்வரை வறட்சி வேண்டும், பிஞ்சு பிடித்தபின் வறட்சி கூடாது. ஜனவரியில் எழுதியதை மட்டும் படித்துவிட்டு இன்னும் தண்ணீரை நிறுத்திவைத்திருப்பவர்கள் இதையும் படியுங்கள்.

2024 மே 22

போன வெள்ளி குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது, எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் கோடைமழை விடவில்லை. வறண்ட மண்ணில் திடீரென்று இவ்வளவு தண்ணீர் இறங்குவது மங்குஸ்தான் காய்க்கு நல்லதல்ல. காய்க்குள் அழுத்தம் கூடி, பால்குழாய் வெடித்து, மஞ்சள் பால் சுளைக்குள் கசியும். சுளை கசக்கும். இல்லையென்றால் சுளை வெண்மை போய்க் கண்ணாடிபோல் கெட்டியாகும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நான் செய்தது, மூடாக்கைத் தடிப்பாக்கியதும் மழைநீர் மரத்தடியில் தேங்காமல் ஒரு சிறு ஓடை வெட்டிவிட்டதும்தான். ஓடை கிளைப்பரப்புக்கு வெளியே, வேரைத் தொடாமல். மண்ணில் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டிருக்காமல் சீராக இருந்தால் இந்தக் கோளாறு குறையும். ஏப்ரலில் விடாமல் தண்ணீர் விட்டதும் இதற்காகத்தான்.

2024 ஜூன் 16

ஆனைமலை நண்பர் கிழத்தென்னை ஒன்றை எடுத்துவிட்டார். மூடாக்கு போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. மரம் இரண்டு தடவை தளிர்த்து, புதிதாக நான்கு ஜோடிப் பக்கக் கிளை விட்டிருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. பூக்காவிட்டாலும், தோப்புக்காரரே இப்போது அதற்குத் தண்ணீர் விடுகிறாராம். இந்த இழை தொடங்கியதன் முழுப்பலன் எனக்கு அதிலேயே கிடைத்துவிட்டது.

2024 ஜூலை 7

பழம் இறக்கியாயிற்று. இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுதான். தோல் இளஞ்சிவப்பாகத் திரும்பியதும் பறித்தேன், வீட்டில் வைத்தால் கருஞ்சிவப்பாகிவிடும். மரத்திலேயே முழுக்கக் கறுக்கவிட்டால் அணில் முந்திக்கொள்ளும். கீழே விழவிடக்கூடாது. விழுந்த இடத்தில் தோல் கல்லாகி, உரிக்க முடியாது. காம்போடு பறித்துக் கீழே இருப்பவர் கையில் கொடுக்கவேண்டும்.

பழத்தின் அடிப்பக்கம் சிறு பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பேத்தி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, திறந்து சரிபார்த்துவிட்டாள். தவறவில்லை. ஐந்து, ஆறு, ஒன்றில் ஏழு.

சில பழத்தில் மஞ்சள் பால் இருந்தது, மே மாத மழையின் வேலை. மற்றதெல்லாம் வெள்ளைவெளேரென்று, இனிப்பும் புளிப்பும் சரியான அளவில். குற்றாலத்துப் பழத்தின் அதே ருசி என்று அப்பா சொல்கிறார். அதே ருசியாகத்தான் இருக்க வேண்டும், நகல்தானே. ஆனாலும் அவர் அதைச் சொல்லக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

2024 ஜூலை 8

விதை கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பழத்தில் தடித்த விதை ஒன்றோ இரண்டோதான் இருக்கும், சில பழத்தில் அதுவும் இல்லை. பெரிய விதையில்தான் கன்று திடமாக வரும், சிறியதைப் போட்டு வருடங்களை வீணாக்கவேண்டாம். எனவே மிகச் சிலருக்கே தரமுடியும். பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ, நீலகிரி மலைச்சரிவில் பர்லியாறு அரசுப் பண்ணையிலோ கன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் இப்போது சந்தையில் வரும் பழத்தை வாங்கி விதையை எடுங்கள், அதுவும் தாயின் நகல்தான்.

எடுத்த விதையைக் காயவிடாதீர்கள். நெல்விதை, வெண்டைவிதை மாதிரி வெயிலில் உலர்த்தினால் செத்துவிடும், நிழலில் வைத்தாலும் சில நாள்தான். சதையை முழுக்கக் கழுவி, அன்றைக்கே ஈரமான தென்னை நார்க்கழிவில் புதைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஒரு விதையில் இரண்டு முளை வந்தால் வலுவானதை மட்டும் விடுங்கள். பை நீளமானதாக இருக்கட்டும், ஆணிவேர் நேராக இறங்கும், வளைந்தால் பிறகு நிமிராது. இரண்டு வருடம் நிழலில் பையிலேயே வளர்த்து, பன்னிரண்டு இலை வந்த பிறகு மழைக்காலத் தொடக்கத்தில் மண்ணில் வையுங்கள். வைக்கும்போது பையைக் கிழித்து எடுக்கவேண்டும், கன்றைப் பிடித்து இழுக்கக்கூடாது.